கிளாக் ரூம் மாமா கடலில் இறங்கிய நாள்

எங்கள் குடும்பம் எங்கே சுற்றுலா போனாலும் பைகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். யாரும் எனக்கு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. நானாகவே எடுத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் மனைவி வீட்டாரோடு மெரினாவுக்குப் போயிருந்தோம். எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அலையைப் பார்த்து ஓடினார்கள். அத்தனை பேர் பார்க்க பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் குதிப்பதை நினைத்ததுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றேன்.

அதன்பிறகு மால்பே, ஒகேனக்கல், கன்னியாகுமரி என்று எங்கே போனாலும் அதே வாக்கியம்தான். கேரளத்தில் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள் என்ற கோயிலுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவலாக நின்றிருக்கிறேன். காலப்போக்கில் யாரும் கேட்கக்கூட இல்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் பைகள் தாமாகவே என் பக்கம் வந்து சேர்ந்தன. ரயில் நிலையத்தில் பைகளை விட்டுவிட்டுப் போகும் அறையை வைத்து என் மனைவியின் தம்பி எனக்கு ஒரு பெயரும் வைத்தான்: கிளாக் ரூம் மாமா. கல்யாண வீடுகளில் அவன் சொல்லிச் சொல்லி அது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. என் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு எலக்ட்ரிகல் கடையின் குடோனில் ஸ்டோர் பார்க்கிறேன். எஸ்எஸ்எல்சி முடித்ததும் சேர்ந்தவன். வயர் கட்டுகளுக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதிகம் பேச வேண்டியதில்லை. கவுண்டரில் நில் என்று முதலாளி பலமுறை சொல்லியும் நான் போகவில்லை.

என் மனைவி வேறு மாதிரி. பிரேசர் டவுனில் ஒரு குழந்தைகள் பள்ளியில் ஆயாவாக இருக்கிறாள். அங்கே வரவேற்பறையில் ஒரு பெரிய மீன் தொட்டி உண்டு. அதைச் சுத்தம் செய்வதும் மீன்களுக்குத் தீனி போடுவதும் அவள் பொறுப்பு. வீட்டுக்கு வந்தால் குழந்தைகளைப் பற்றிச் சொல்வதற்குச் சமமாக மீன்களைப் பற்றியும் சொல்வாள். எது சாப்பிடவில்லை, எது எதைத் துரத்துகிறது, எது கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என்று நீண்டுகொண்டே போகும். ஒருநாள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "யாரும் புடிச்சு அடைக்காத மீனை, அது வூட்லயே போய் ஒருவாட்டி பாக்கணும்ங்க."

இதை அவள் தம்பியிடமும் சொல்லியிருக்கிறாள் போல. அவன் சுறுசுறுப்பானவன். அந்தமானுக்குப் போவதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டான். அவனும் அவன் மனைவியும், நானும் என் மனைவியும். அதில் ஒருநாள் முழுக்கப் படகில் தீவு தீவாகப் போவது. முகமூடி மாதிரி ஒரு கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதந்து மீன்களைப் பார்க்கலாம். மதியம் கடற்கரையிலேயே சாப்பாடு. அவன் போனில் காட்டிய வீடியோவை என் மனைவி திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அன்று இரவு அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே, காய்கறி வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"இந்தத் தடவை நீங்க பையோட உக்காந்தா நானும் உங்களோடதான் உக்காருவேன். தனியா இறங்க மாட்டேன். எவ்ளோ கடலு பாத்தாச்சு, எல்லாத்துலயும் நான் தண்ணில நின்னுக்கிட்டு உங்களைப் பாத்துக் கையாட்டினதுதான் மிச்சம்."

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆக விஷயம் இப்படி ஆகிவிட்டது: நான் இறங்காவிட்டால் அவள் மீன் பார்க்கப்போவதில்லை.

மறுநாளிலிருந்து நான் பயிற்சியை ஆரம்பித்தேன். அல்சூரில் எங்கள் வீட்டுக் குளியலறை சின்னது. பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அதில் முகத்தை முக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். முதலில் உடனே திணறும். போகப்போக நேரம் கூடியது. அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அவள் கதவைத் தட்டி, "உள்ள என்னடா சத்தமே இல்ல" என்று கேட்பாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்றுமில்லை என்பேன். கிளம்பும் நாள் வந்தபோது, தண்ணீருக்குள் மூச்சை அடக்குவதில் நான் தேறிவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

அக்கா வந்து அம்மாவோடு தங்கிக்கொண்டாள். நாங்கள் விமானம் ஏறினோம்.

படகு காலையில் கிளம்பியது. எங்கள் நான்கு பேரைத் தவிர இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. துமகூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில் கன்னடம் கேட்டதும் எனக்கு ஏதோ எங்கள் தெருவிலேயே இருப்பதுபோல் கொஞ்சம் தெம்பாக இருந்தது. தண்ணீருக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி தமிழ் பேசினார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவருடைய அப்பா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டார்களாம். வெயிலில் வெந்து அவர் தோள் இரண்டும் செம்பு நிறமாக இருந்தன.

கடல் முதலில் சாம்பல், பிறகு நீலம், தீவு நெருங்க நெருங்கப் பச்சை. படகின் ஓரத்தைப் பிடித்தபடி என் மனைவி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுடிதார் போட்டிருந்தாள். துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்தப் பையை மறக்காமல் தன் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். வேண்டுமென்றே என்னிடம் தரவில்லை.

முதல் தீவில் கூட்டம் அதிகம். படகு நின்றதும் எல்லோருக்கும் காற்றடைத்த சட்டை மாதிரி மிதவை அங்கி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் கண்ணாடி மாட்டினார். அது கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடிக்கொள்ளும். மேலுதட்டின் மேல் ஒரு ரப்பர் விளிம்பு வந்து ஒட்டிக்கொள்ளும். குழாயின் முனையைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும்.

"மூக்கை மறந்துடுங்க. வாயாலயே இழுங்க, வாயாலயே விடுங்க. மூச்சை மட்டும் அடக்கவே கூடாது" என்று அவர் சொன்னார்.

அப்போதுதான் என் பக்கெட் பயிற்சி எனக்கு நினைவு வந்தது. நான் இத்தனை நாள் படித்தது தப்பான பாடம்.

முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். உடம்பு பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டது. இழு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்குள் கண்ணாடிக்குள் சில்லென்று தண்ணீர் புகுந்து மூக்கு வரை ஏறிவிட்டது. உப்பு மண்டைக்குள் அடித்தது. எழுந்து நின்று இருமினேன். வழிகாட்டி வந்து கண்ணாடியைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, பட்டையை இறுக்கி மறுபடி மாட்டினார். மறுபடியும் தண்ணீர். என் மேலுதட்டில் வாசலினைத் தடவிப் பார்த்தார். மூன்றாவது முறையும் தண்ணீர் வந்தது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ உச்சுக் கொட்டியது காதில் விழுந்தது.

"மத்தவங்களைப் பாருங்க சார், நான் அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கரைக்கு நடந்தேன். பைகள் ஒரு மரத்தடியில் கிடந்தன. என் கால்களுக்கு அந்த இடம் தெரியும். போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியிருக்கவில்லை. அவளுக்கு அது முதல் தடவையிலேயே சரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டி கையை நீட்டிக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. அந்தக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, குப்புற மிதக்கும் முதுகுகளைப் பார்த்தபடி இருந்தாள்.

"நீ போ" என்றேன்.

"பரவால்ல" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் தம்பி தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட ஓடி வந்தான். கிளிப்பச்சையில் ஒரு மீன், மஞ்சள் கோடு போட்ட இன்னொன்று, தட்டு மாதிரி ஒன்று என்று மூச்சு வாங்கச் சொன்னான். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தான்.

"இன்னாக்கா இது, கிளாக் ரூமுக்குப் புது பிராஞ்ச் தொறந்துட்டாங்களா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயர் முதன்முதலாக அன்றுதான் எனக்குக் குத்தியது. இத்தனை வருஷம் அது என்னைப் பற்றிய பெயராக மட்டும் இருந்தது. இப்போது அவளையும் அதற்குள் இழுத்துவிட்டேன்.

இரண்டாவது தீவில் சாப்பாடு. புன்னை மர நிழலில் பிளாஸ்டிக் பாய்களை விரித்திருந்தார்கள். படகுக்காரர்கள் பெரிய பாத்திரங்களில் சோறு, பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், மசாலா தடவிப் பொரித்த மீன் எல்லாம் கொண்டுவந்து இறக்கினார்கள். மணலில் கால் புதைய உட்கார்ந்து சாப்பிட்டோம். சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டுகள் தட்டுகளுக்கு நடுவே வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு போய்வந்தன. துமகூர்க் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு பருக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி பொரித்த மீனைத் தொடவில்லை. "இன்னைக்கு வேணாம், அதுங்க வூட்டுக்கு வந்துட்டு அதுங்களையே எப்படி" என்றாள். அவளுடைய மீன் என் தட்டுக்கு வந்தது.

வழிகாட்டி தன் தட்டோடு வந்து எங்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு தன் மேலுதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"சார், தப்பு உங்க மேல இல்ல. இதுதான். ரப்பர் ஒட்ட மாட்டேங்குது. லேசா இருந்தா வாசலின் போட்டு சமாளிப்பேன். உங்களுது நல்லா அடர்த்தி."

எல்லோரும் என் மீசையைப் பார்த்தார்கள். என் மைத்துனனுக்குச் சோறு புரையேறியது.

என் மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முளைத்த காலத்திலிருந்து என்னோடு இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் தாயோ தகப்பனோ போனால் மகன் மீசையை எடுப்பான். மற்றபடி அதில் கத்தி படாது. நானும் அப்பா போனபோது ஒருமுறை எடுத்ததோடு சரி. எடுத்தவனைத் தெருவில் பார்த்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். முகமே சொல்லிவிடும். அதனால் அம்மா உயிரோடு இருக்கையில் நான் சும்மா மீசையை எடுப்பது என்பது எங்கள் வீட்டில் யோசித்துப் பார்க்கக்கூடிய விஷயமில்லை. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. கூச்சமுள்ளவனுக்கு மீசை ஒரு திரை மாதிரி. அதற்குப் பின்னால் உதடு நடுங்கினாலும் வெளியே தெரியாது.

"மாமா மீசையை எடுத்துட்டா அப்புறம் மூஞ்சின்னு அங்க ஒண்ணும் மிஞ்சாது" என்றான் மைத்துனன்.

"சும்மா இருடா" என்று என் மனைவி அவனை அடக்கினாள். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் வேணாங்க. அத்தை பாத்தா பதறிடுவாங்க. கண்ணாடி போட்ட படகு ஒண்ணு இருக்காம், அதுல உக்காந்து கீழ பாத்துக்கலாம்" என்றாள்.

அவள் சமாதானம் சொல்வதற்குத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் கண்ணாடி என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது. தினமும் காலையில் பள்ளியில் அவள் தொட்டிக் கண்ணாடி வழியாகத்தானே மீன் பார்க்கிறாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு பைகள் இருந்த இடத்துக்குப் போனேன். பைகளைக் காவல் காப்பவனுக்கு எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று தெரியும். என் மைத்துனன் போட்டோவுக்கு முகம் பளபளவென்று இருக்க வேண்டும் என்பவன். எங்கே போனாலும், அரை நாள் பயணமாக இருந்தாலும், சவர சாமான்களை ஒரு சின்ன பையில் போட்டுக்கொண்டு வருவான். அது அவனுடைய நீலப் பையில் இடது பக்க ஜிப்பில் இருந்தது. என் மனைவியின் கைப்பையில் குழந்தைகள் காகிதம் வெட்டும் கத்தரி ஒன்று எப்போதும் கிடக்கும். முனை மழுங்கியது, பிடி ஆரஞ்சு நிறம். இரண்டையும் எடுத்துக்கொண்டு பாய்க்குத் திரும்பினேன்.

"மாப்ள, உன் ரேசர் ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றேன்.

அவன் வாயில் வைத்த அப்பளத்தைக் கடிக்காமல் என்னைப் பார்த்தான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று தன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவாங்க?" என்றாள்.

"போனைப் புடி. மூஞ்சி தெரியற மாதிரி" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, போன் கேமராவை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். என் முகம் அதில் முழுசாகத் தெரிந்தது. குழந்தைகளின் கத்தரி அடர்த்தியான மயிருக்குப் பழகியதில்லை. கடித்துக் கடித்துத்தான் வெட்டியது. அதற்குள் பக்கத்துப் பாய்களில் விஷயம் பரவிவிட்டது. சாப்பாட்டுத் தட்டுகளோடு ஆட்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். துமகூர்ப் பெரியம்மா கிட்ட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஹரகேனா, சார்?" என்று கேட்டார். நேர்த்திக்கடனா என்று.

வேறு நாளாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். அன்று யோசிக்காமல், "ஹௌது" என்றேன். ஆமாம்.

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, யாரும் மணலைக் கிளப்பாதபடி தன் பேரப்பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்தார். மைத்துனனின் க்ரீமைப் பூசிக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலில் ரேசரை நனைத்துப் பொறுமையாக இழுத்தேன். அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆகவில்லை. கடைசி இழுப்பு முடிந்ததும் பெரியம்மா கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வழிகாட்டி வந்து என் மேலுதட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, சாந்து பூசிய சுவரைச் சரிபார்க்கும் மேஸ்திரி மாதிரி, "இப்ப நிக்கும்" என்றார்.

என் மனைவி போனை இறக்கிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டார் காட்டிய போட்டோவில்கூட எனக்கு மீசை இருந்தது. இப்போது இப்படித் தெரிந்த முகத்தை என் அப்பாவின் காரியத்தின்போது மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். அன்று அழுகை இருந்தது. இன்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்க உதடு இவ்ளோ பெரிசா?" என்றாள்.

மூன்றாவது தீவில் கூட்டம் இல்லை. எங்கள் படகு மட்டும்தான். கரையில் பைகளை ஒரு மரத்தடியில் வைத்தார்கள். பழக்கத்தில் நான் அதன் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டேன். காலையிலிருந்து வெயிலில் மிதந்ததில் என் மைத்துனனின் பிடரியும் கைகளும் நெருப்பாகச் சிவந்திருந்தன. சட்டை பட்டாலே எரிகிறது என்றான். அவன் மனைவி அவனுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவன் பைகளையும் என்னையும் பார்த்தான். பிறகு பைகளுக்குப் பக்கத்தில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"போங்க மாமா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை.

வழிகாட்டி ஒரு மிதவை வளையத்தைக் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் பிடித்துக்கொண்டோம். இடுப்பளவு, மார்பளவு, பிறகு காலுக்குக் கீழே தரை இல்லை. கண்ணாடி விளிம்பு என் வெறும் தோலில் பசை மாதிரி ஒட்டியது. புதிதாகச் சிரைத்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டதும் எரிச்சல் கண்ணைக் கலக்கியது. அந்த எரிச்சல்கூட எனக்கு அப்போது பிடித்திருந்தது.

முகத்தை வைத்தேன். தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் பக்கெட் பழக்கம் விடவில்லை. மூச்சு நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் காது முழுக்க அதுதான். ஹூ என்று இழுத்து, ஹா என்று விடுவது. என் மனைவி குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன். அந்த நிதானம் எனக்குத் தெரிந்ததுதான். அவள் இழுத்தபோது நானும் இழுத்தேன். அவள் விட்டபோது நானும் விட்டேன். நாலைந்து முறை அப்படிப் போனதும் என் நெஞ்சு தானாகவே அதைக் கற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

கீழே ஒரு ஊரே இருந்தது. மூளை மாதிரி சுருள் சுருளான பாறைகள், மான்கொம்பு மாதிரி கிளைவிட்டவை, முட்டைக்கோஸ் இலை விரித்த மாதிரி சில. அவற்றின் சந்துபொந்துகளில் மீன்கள் வீட்டுக்கும் கடைக்கும் போவது மாதிரி போய்க்கொண்டிருந்தன. கிளிப்பச்சையில் ஒன்று பாறையைக் கடித்துத் தின்றது. அது கடிக்கும் கரக் கரக் சத்தம்கூடக் கேட்டது. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட கூட்டம் ஒன்று எங்கள் வயிற்றுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் போனது. பூ மாதிரி அசைந்த எதற்குள்ளோ இருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி மீன் வெளியே வந்து, எங்களைப் பார்த்து முறைத்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

என் மனைவி வளையத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் காட்டிய பக்கம் நான் பார்த்தேன், நான் காட்டிய பக்கம் அவள் பார்த்தாள். குழாய்க்குள்ளேயே அவள் ஏதோ கத்தினாள். வார்த்தை புரியவில்லை. நானும் பதிலுக்குக் கத்தினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியது அதுதான் முதல் தடவை. கேட்டது மீன்கள் மட்டும்தான்.

வழிகாட்டி தோளைத் தட்டி நேரமாகிவிட்டது என்று காட்டும்வரை நாங்கள் தலையைத் தூக்கவில்லை. கரைக்கு வந்ததும் என் மனைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். முகத்தில் ரப்பர் விளிம்பின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. என் முகத்திலும் அதே வட்டம் இருந்திருக்கும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கவனிச்சீங்களா? ஒண்ணுகூடத் திரும்பலைங்க. எங்க தொட்டி மீனு கண்ணாடி வந்ததும் திரும்பிக்கும், வந்ததும் திரும்பிக்கும். இதுங்க நேராவே போவுது. போயிக்கிட்டே இருக்குது."

நான் ஆமாம் என்றேன். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

என் மைத்துனன் மரத்தடியில் பைகளுக்கு நடுவில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தான். துமகூர்க் குடும்பத்தாரும் தங்கள் பைகளை அவனிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். ஒரு குழந்தையின் செருப்பு அவன் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு, "மாமா, இந்த வேலைய எப்படி மாமா இத்தினி வருசம் பண்ணீங்க? போர் அடிச்சுச் சாவுறேன்" என்றான்.

"பழகிடும் மாப்ள" என்றேன். அவன் மனைவிதான் முதலில் சிரித்தாள்.

திரும்பும் படகில் காற்று என் மேலுதட்டில் பட்டுக்கொண்டே வந்தது. அந்த இடத்துக்குக் காற்று என்றால் என்னவென்றே பல வருஷமாகத் தெரியாது. கையை வைத்து மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அடையாள அட்டையைப் பார்த்த காவலர் என் போட்டோவையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போட்டோவில் முகத்தில் பாதிக்கு மீசை. "மூச் கஹாங் ஹை?" என்று கேட்டார். மீசை எங்கே என்று. எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. அந்த மாதிரி இடங்களில் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் மனைவிதான் எனக்காகப் பதில் சொல்வாள். அன்றும் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"சமுந்தர் மே ஹை, சார்." கடலில் இருக்கிறது.

அவர் சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

பயமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான். அல்சூரில் ஆட்டோவை விட்டு இறங்கி, என் மனைவி முன்னால் போக நான் பின்னால் போனேன். கதவைத் திறந்த அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கை தானாகப் போய்த் தன் மேலுதட்டைத் தொட்டுக்கொண்டது.

"யாருக்குடா?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க. கடலுக்குள்ள மீன் பாக்கறதுக்கு எடுத்தேன்."

அம்மா நம்பாமல் என் மனைவியைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நீயா? தண்ணிக்குள்ளயா?"

"ஆமாம்மா. ரெண்டு பேரும்தான் போனோம்."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வாசலில் கிடந்த பைகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையான குழப்பம் தெரிந்தது.

"அப்ப பையை யாரு பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள்.